செய்தியை எடைபோடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இஸ்ரேல்–பாலஸ்தீனச் செய்திகளில் நியாயம் இருக்கிறதா என்று நாள்தோறும் கண்காணிக்கும் அமைப்பினருக்கும், அவர்களுடைய அறிக்கைகளைப் படித்துவிட்டு ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதும் வாசகர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் ஒரே அணியினர் அல்ல. உங்களில் சிலர், இஸ்ரேலைப் பற்றி உலகம் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதுகிறது என்ற வருத்தத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள். சிலர், பாலஸ்தீனர்களின் சாவு எண்ணிக்கையாக மட்டுமே அச்சேறுகிறது என்ற கோபத்தில் வந்தவர்கள். இரு தரப்பையும் ஒரே மடலில் விளிப்பது இரு தரப்புக்குமே பிடிக்காமல் போகலாம். சொல்ல வேண்டியது இருவருக்கும் பொதுவானது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தமிழ் நாளிதழ் ஒன்றின் உலகச் செய்திப் பக்கத்தில் வேலை செய்பவன். காஸாவிலோ ஜெருசலேமிலோ எங்களுக்கு நிருபர் கிடையாது. ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி அனுப்பும் காப்பியையும் படங்களையும் வைத்துத்தான் பக்கம் செய்கிறோம். அந்தக் காப்பியில் எது விடுபட்டதோ அது எங்கள் வாசகருக்கும் விடுபடுகிறது. அதில் எது பிழையோ அது காலையில் மதுரையிலும் தஞ்சாவூரிலும் பிழையாகவே போய்ச் சேர்கிறது. ஆகவே அந்தப் பெரிய நிறுவனங்களை யாராவது தட்டிக்கேட்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவி. உங்கள் வேலை வேண்டாத வேலை என்று சொல்ல நான் வரவில்லை. அதை இன்னும் நேர்மையாகச் செய்ய முடியும், இன்னும் முக்கியமான இடத்தில் செய்ய முடியும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நீங்கள் புறப்பட்ட இடங்கள் உண்மையானவை. 2000 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் டைம்ஸ் ஏபியின் படம் ஒன்றை வெளியிட்டது. தலையிலிருந்து ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர்; அவருக்குப் பின்னால் தடியோடு கத்தும் இஸ்ரேலியப் போலீஸ்காரர். இளைஞர் பாலஸ்தீனர் என்றும், இடம் அல்-அக்ஸா அமைந்திருக்கும் கோயில் மலை என்றும் படக்குறிப்பு சொன்னது. உண்மையில் அவர் சிகாகோவிலிருந்து ஜெருசலேமுக்குப் படிக்க வந்த யூத மாணவர். பாலஸ்தீனர்கள் சிலர் காரிலிருந்து இழுத்துப்போட்டு அடித்ததில் தப்பி ஓடி வந்தவர். போலீஸ்காரர் அவரைக் காப்பாற்ற நின்றவர். படத்தின் பின்னணியில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிகிறது. கோயில் மலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. மாணவரின் தந்தை எழுதிய பிறகுதான் திருத்தம் வந்தது. அந்தக் கொதிப்பிலிருந்து ‘ஹானஸ்ட் ரிப்போர்ட்டிங்’ அமைப்பு பிறந்தது. அதற்கு முன்பே, 1982 லெபனான் போர்ச் செய்திகள் மீதான அதிருப்தியிலிருந்து அமெரிக்காவில் ‘கேமரா’ அமைப்பு வந்திருந்தது.

மறுபக்கத்தின் குறையும் காற்றில் வந்ததல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழுவின் கிரெக் ஃபிலோவும் மைக் பெர்ரியும் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்திகளை வரிவரியாக ஆராய்ந்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இரண்டாம் இன்டிஃபாதா எனும் பாலஸ்தீன எழுச்சியின் முதல் வாரங்களில் பிபிசியும் ஐடிவியும் சொன்ன செய்திகளில், இந்த மோதல் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணும் வரிகள்தாம். அவர்கள் அதோடு நிற்கவில்லை, பார்த்தவர்களிடமும் போய்க் கேட்டார்கள். யார் யாருடைய நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலானோருக்கு விடை தெரியவில்லை. ஆக்கிரமித்திருப்பவர்கள் பாலஸ்தீனர்களே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். செய்தி பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் துறையில் நான் படித்தவற்றில் இந்த ஆய்வை முதன்மையாக வைப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1985இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் வெளியிட்ட கட்டுரையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா பகுதிகளில் லெபனான் கிறிஸ்தவ ஆயுதக்குழுவினர் பாலஸ்தீன அகதிகளைக் கொன்று குவித்தார்கள். சுற்றி நின்றது இஸ்ரேலிய ராணுவம். அதைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய அதே செய்தித் துண்டுகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு சாராரும் செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் தரப்பைக் குறைகூறும் இடங்கள்தான் அதிகம் என்று இருவருமே கணக்குச் சொன்னார்கள். விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குச் சாய்வும் அதிகமாகத் தெரிந்தது.

இதைக் காட்டி ஆசிரியர்கள் தப்பித்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. ‘இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள், அப்படியானால் நாம் நடுவில்தான் நிற்கிறோம்’ என்ற பேச்சு எல்லாச் செய்தி அறைகளிலும் உண்டு. இரண்டு பக்கமும் திட்டுவது எதையும் நிரூபிக்காது. ஒரு பக்கம் சரியாகவே திட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வு உங்களுக்குச் சொல்வதும் ஒன்று உண்டு. அறிவும் ஈடுபாடும் உங்களைச் சாய்விலிருந்து காப்பாற்றுவதில்லை. முறைதான் காப்பாற்றும். அந்த முறையைத்தான் உங்கள் அறிக்கைகளில் தேடுகிறேன்.

பிபிசியைப் பற்றி அண்மையில் வந்த இரண்டு அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் ட்ரெவர் அசர்சன் தலைமையில் 2024 செப்டம்பரில் வந்தது, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7 முதல் நான்கு மாதங்களில் பிபிசி தன் சொந்த விதிகளை 1,553 முறை மீறியது என்றது. இஸ்ரேலுக்கு எதிரான சாய்வு தெரிகிறது என்றது. முஸ்லிம் கவுன்சில் ஆஃப் பிரிட்டனின் திட்டமாகத் தொடங்கிய ஊடகக் கண்காணிப்பு மையம் 2025 ஜூனில் வெளியிட்டது, ஒரு சாவுக்கு எவ்வளவு செய்தி என்று பார்த்தால் இஸ்ரேலியச் சாவுக்குக் கிடைத்த இடம் பாலஸ்தீனச் சாவுக்குக் கிடைத்ததைப் போல 33 மடங்கு என்றது. நிறுவனம் ஒன்றே, காலமும் ஒரு பகுதி ஒன்றே, முடிவுகள் நேர் எதிர்.

இருவரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருவரும் எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். முதல் அறிக்கை, இனப்படுகொலை என்ற சொல் ஹமாஸோடு சேர்ந்து வந்ததைவிட இஸ்ரேலோடு சேர்ந்து வந்தது பன்மடங்கு என்பதைச் சாய்வுக்குச் சான்றாகக் காட்டியது. அந்த நான்கு மாதங்களுக்குள்தான், 2023 டிசம்பர் 29 அன்று, தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது இனப்படுகொலை வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்தது. ஜனவரியில் தி ஹேக்கில் இரு நாட்கள் வாதம் நடந்தது. வழக்கைச் செய்தியாக்கும் எந்த நிறுவனமும் அந்தச் சொல்லையும் இஸ்ரேலையும் ஒரே வாக்கியத்தில் எழுதாமல் இருக்க முடியாது. சொற்களை எண்ணும் கணினிக்கு அது தெரியாது. அறிக்கை எழுதிய மனிதர்கள் அதைக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது அறிக்கையின் 33 மடங்கு என்ற எண்ணிலும் ஒரு சிக்கல். அது ஒரு வகுத்தல் கணக்கு. கீழே இருப்பது சாவு எண்ணிக்கை. சாவு பெருகப் பெருக ஒரு சாவுக்கான இடம் எந்தப் போரிலும் சுருங்கும். ஆயிரமாவது சாவுக்கு முதல் சாவின் இடத்தை எந்தப் பத்திரிகையும் கொடுத்ததில்லை. அது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமையில் எவ்வளவு செய்தித் தொழிலின் பொதுக்குணம், எவ்வளவு பாலஸ்தீனர் என்பதற்காகக் காட்டிய அலட்சியம் என்பதைப் பிரித்துக் காட்டினால்தான் குற்றச்சாட்டு நிற்கும். இறந்தவரைப் பெயர் சொல்லி, வீட்டாரைப் பேசவைத்து எழுதியது யாருக்கு, வெறும் எண்ணாக விட்டது யாருக்கு என்ற ஒப்பீடு அந்த மொத்தக் கணக்கைவிட வலுவாக நிற்கும் என்பது என் எண்ணம்.

எண்ணிப் பார்ப்பது எளிது என்பதால் எண்ணுகிறோம். பார்த்தவருக்கு என்ன தெரிந்தது என்று கேட்பது கடினம். கிளாஸ்கோ ஆய்வு அந்தக் கடினமான கேள்வியைக் கேட்டது. சர் க்வென்டின் தாமஸ் தலைமையில் பிபிசி நிர்வாகக் குழு அமைத்து, 2006இல் அறிக்கை தந்த சுயேச்சைக் குழுவும் ஏறக்குறைய அதையேதான் கேட்டது. திட்டமிட்ட சாய்வு இருப்பதாக அது கருதவில்லை. ஆனால் முழுமையான, நியாயமான சித்திரம் தொடர்ந்து கிடைக்கவில்லை என்றது. ஒரு தரப்பு ஆட்சி செலுத்துகிறது, மறு தரப்பு ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்கிறது என்ற ஏற்றத்தாழ்வு நேயரிடம் போய்ச் சேரவில்லை என்றது. பொதுமக்களைக் கண்மூடித்தனமாகக் கொல்லும் தாக்குதலைப் பயங்கரவாதம் என்றே சொல்லத் தயங்க வேண்டாம் என்றும் அதே குழு சொன்னது. இரு தரப்புக்கும் உவப்பில்லாத ஒன்றைச் சொல்லும் துணிவு அந்த அறிக்கையில் இருந்தது. (2004இல் பிபிசிக்குள்ளேயே மால்கம் பேலன் எழுதிய மதிப்பீட்டை வெளியிட மறுத்து அந்த நிறுவனம் உச்ச நீதிமன்றம்வரை வழக்காடியது, 2012இல் வென்றது. மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் தன் நியாயத்தைப் பற்றிய அறிக்கையை மறைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.)

இனி, என்னை அதிகம் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சரியான திருத்தம் ஒன்றை வைத்து அதைவிடப் பெரிய உண்மையை மூடுவது.

2025 ஜூலை இறுதியில் காஸாவின் பட்டினியைப் பற்றிய செய்தியோடு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படத்தைப் போட்டது. குழந்தைக்கு மூளையையும் தசையையும் பாதிக்கும் நோய் முன்பே இருந்தது என்று கண்காணிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது உண்மை. நாளிதழ் சில நாட்களில் ஆசிரியர் குறிப்பைச் சேர்த்தது, சேர்த்தது சரி. ஆனால் பிறகு நடந்ததைப் பார்த்தீர்கள். படம் முழு உண்மை சொல்லவில்லை என்பதிலிருந்து பட்டினியே இல்லை என்பதற்குத் தாவியவர்கள் எத்தனை பேர்! நோயுள்ள குழந்தைகள்தாம் உணவும் மருந்தும் நின்றவுடன் முதலில் சாய்வார்கள் என்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். ஆகஸ்ட் 22 அன்று, ஐநா அமைப்புகளும் உதவி நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் ஐபிசி கணிப்பு, காஸா நகரை உள்ளடக்கிய பகுதியில் பஞ்சம் நிலவுகிறது என்று உறுதிசெய்தது. திருத்தம் கேட்ட அதே வேகத்தில் அதையும் சொன்ன கண்காணிப்பாளர் யார்?

இதன் மறுபக்கமும் நடந்தது. அக்டோபர் 7 தாக்குதலில் நடந்த பாலியல் வன்முறையைப் பற்றி அதே நாளிதழ் 2023 டிசம்பரில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஓட்டைகள் இருந்தன. பேரி கிபுட்ஸில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சம்பவத்தைப் பின்னால் வெளிவந்த காணொளி கேள்விக்குள்ளாக்கியது. ஓட்டைகளைச் சுட்டியது நல்ல இதழியல். அதைப் பிடித்துக்கொண்டு, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றவர்கள் செய்தது இதழியல் அல்ல. ஐநாவின் சிறப்புப் பிரதிநிதி பிரமிளா பட்டன் 2024 மார்ச்சில் அளித்த அறிக்கை, பேரியில் சொல்லப்பட்டவற்றுள் இரண்டு ஆதாரமற்றவை என்றது. நோவா இசைவிழாத் திடல் உட்படப் பல இடங்களில் வல்லுறவு உள்ளிட்ட பாலியல் வன்முறை நடந்ததாக நம்ப நியாயமான காரணங்கள் உண்டு என்றும் சொன்னது. முதல் வரியை மட்டும் பரப்பியவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் பரப்பியவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பரப்பியவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

அந்த ஐநா குழு பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி எழுதியது. ஐபிசி பசித்த குழந்தைகளைப் பற்றி எழுதியது. அவர்களை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக மட்டும் பார்க்கிறீர்களோ என்ற பயம் எனக்கு வருகிறது.

இன்னும் ஆபத்தான இடமும் உண்டு. 2023 நவம்பரில் ஹானஸ்ட் ரிப்போர்ட்டிங், காஸாவின் சுயேச்சைப் புகைப்படக்காரர்கள் சிலர் அக்டோபர் 7 தாக்குதலை முன்கூட்டியே அறிந்திருந்தார்களா என்று கேட்டது. அவர்களுடைய பெயர்கள் உலகம் முழுவதும் போயின. அவர்களைப் பயங்கரவாதிகளாகவே நடத்த வேண்டும் என்று இஸ்ரேலிய அரசியல்வாதிகள் பேசினார்கள். ராய்ட்டர்ஸ், ஏபி, சிஎன்என், நியூயார்க் டைம்ஸ் நான்கும் தங்களுக்கு முன்தகவல் இருந்ததை மறுத்தன. பிறகு அந்த அமைப்பின் தலைவரே, ஆதாரம் ஏதும் இல்லை, கேள்விதான் எழுப்பினோம் என்றார். போர் நடக்கும் ஊரில், குண்டு விழும் தெருவில் நிற்பவரின் பெயரோடு அப்படியொரு கேள்வியை எழுப்புவது கேள்வியாக மட்டும் நின்றுவிடாது. எந்தத் தரப்பாக இருந்தாலும், ஆதாரம் கையில் இல்லாமல் களத்தில் நிற்கும் தனிமனிதரின் பெயரை வெளியிடாதீர்கள். குறையை நிறுவனத்தின் மீது வையுங்கள். அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சுவர்கள் இருக்கின்றன.

நீங்கள் அச்சான வரியைக் கண்காணிக்கிறீர்கள். அந்த வரி அச்சாவதற்கு முன்பே நியாயம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதுதான் இந்த மடலின் முக்கியமான சேதி. 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டு நிருபர்கள் சுயேச்சையாகக் காஸாவுக்குள் போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. போனவர்கள் பெரும்பாலும் ராணுவ வண்டியில், ராணுவம் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். ஜெருசலேமிலுள்ள வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது; முதல் மனு 2024 ஜனவரியில் தள்ளுபடியானது. இரண்டாவது மனுவுக்குப் பதில் சொல்ல அரசு மீண்டும் மீண்டும் அவகாசம் கேட்டது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோதும் கதவு திறக்கவில்லை.

உள்ளே இருந்து எழுதியவர்கள் காஸாவின் சொந்த நிருபர்கள். பசியோடு, கூடாரத்தில் குடும்பத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவான சிபிஜே-யின் கணக்கில் இந்தப் போரில் இறந்த ஊடகத்தினர் இருநூறுக்கு மேல். மிகப் பெரும்பாலோர் பாலஸ்தீனர்கள். 2025 ஆகஸ்ட் 25 அன்று நாசர் மருத்துவமனையில் அடுத்தடுத்து நடந்த தாக்குதலில் ஐந்து பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். ராய்ட்டர்ஸுக்கும் ஏபிக்கும் வேலை செய்தவர்கள் அதில் இருந்தார்கள். அன்றைக்கு எங்கள் மேசைக்கு வந்த காப்பி, அதை அனுப்பும் நிறுவனம் தன் ஆட்களின் சாவைத் தானே சொல்லும் காப்பி.

இஸ்ரேலுக்குள் ராணுவத் தணிக்கை உண்டு. 2024இல் மட்டும் 1,635 கட்டுரைகளை அது முற்றாகத் தடுத்தது, 6,265 கட்டுரைகளில் கைவைத்தது என்று +972 இதழ் வெளியிட்டது. காஸாவுக்குள் ஹமாஸும் நிருபர்களைச் சும்மா விட்டதில்லை. 2014 போரின்போது, தங்கள் உறுப்பினர்களை ஹமாஸ் மிரட்டுவதையும் விசாரிப்பதையும் கண்டித்து அதே வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் பகிரங்கமாக அறிக்கை விட்டது. ஆக, இரு பக்கமும் வாய் பொத்தப்பட்ட இடத்திலிருந்து வரும் செய்தியை எடுத்து, அதில் எத்தனை பெயரடை யாருக்குச் சாதகம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நேரில் பார்க்கும் கண் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச் 23 சான்று. ரஃபாவில் இஸ்ரேலியப் படையினர் சுட்டதில் செம்பிறைச் சங்க மருத்துவப் பணியாளர்கள், மீட்புப் படையினர், ஓர் ஐநா ஊழியர் என 15 பேர் இறந்தார்கள். வண்டிகள் விளக்குப் போடாமல் சந்தேகப்படும்படி வந்தன என்றது ராணுவம். செய்திகளும் அப்படியே சொல்லின. இறந்த பணியாளர் ஒருவரின் கைபேசியில் கிடைத்த காணொளி ஏப்ரலில் வெளியானது. வண்டிகளின் விளக்குகள் சுழன்று எரிந்துகொண்டிருந்தன. ராணுவம் தன் முதல் விளக்கம் தவறு என்று ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபர் 17 அல்-அஹ்லி மருத்துவமனை வெடிப்பில் நிலைமை மறுவிதம். இஸ்ரேலியத் தாக்குதல் என்று பாலஸ்தீனத் தரப்பு சொன்னதை முன்னணி நாளிதழ்கள் முதல் மணி நேரத்திலேயே பெரிய தலைப்பாக்கின. சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ், ஹமாஸ் சொன்னதை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று குறிப்பு எழுதியது. காஸாவிலிருந்து ஏவித் தவறி விழுந்த ராக்கெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் பிறகு சொன்னது. சுயேச்சையான நிருபர்கள் அன்றிரவே அந்த முற்றத்தில் நின்று பள்ளத்தை அளந்திருந்தால் அந்தத் தலைப்பு அப்படி வந்திருக்காது.

சாட்சியில்லாத போர் என்ன மிச்சம் வைக்கும் என்பது தமிழர்களுக்குத் தெரியும். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐநா ஊழியர்களை வன்னியிலிருந்து வெளியேற்றியது. சுயேச்சையான நிருபர்களுக்கு அனுமதி இல்லை. போரின் இறுதி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா தலைமைச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல் சொன்னது, அரசு மறுத்தது. எத்தனை பேர் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பிள்ளையைத் தேடும் தாய்மாரும் ஓயவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்களுக்குள் எவ்வளவு பகை இருந்தாலும், காஸாவுக்குள் நிருபர்களைச் சுயேச்சையாக அனுமதிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட முடியும். இஸ்ரேலுக்கு அநியாயம் நடக்கிறது என்று நம்புகிறவருக்கு, ஹமாஸ் சொல்லும் சாவு எண்ணிக்கையை நேரில் சரிபார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. பாலஸ்தீனர்களின் துயரம் மறைக்கப்படுகிறது என்று நம்புகிறவருக்கும் அதுவே வழி. கதவைத் திறக்கச் சொல்லாமல் செய்தி தவறு என்று மட்டும் சொல்லும் கண்காணிப்பை இனி நான் பாதியாகவே எடுத்துக்கொள்வேன்.

அதோடு இன்னொரு முயற்சி. ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பிலிருந்தும் ஓர் அமைப்பு வாருங்கள். ஒரே செய்திகளை, ஒரே கேள்விகளை வைத்து, யார் எழுதியது என்ற பெயரை மறைத்துப் படியுங்கள். எந்தெந்த இடத்தில் ஒத்துப்போகிறீர்கள், எங்கே பிரிகிறீர்கள் என்பதை மூலக்கணக்கோடு வெளியிடுங்கள். உங்கள் தரப்புக்குச் சாதகமாக வந்த பிழைகளையும் பட்டியலில் சேருங்கள். அந்த ஒரு பத்தி இருந்தால் மற்ற எல்லாப் பத்திகளையும் எந்தச் செய்தி அறையும் கவனமாகப் படிக்கும்.

இப்போது எங்கள் மேசைக்கு வருபவை பெரும்பாலும் ஒரே வாசகம், வேறு வேறு கையெழுத்து. அப்படி வரும் ஐம்பது கடிதங்களைவிட, தேதியும் பக்க எண்ணும் பிழையும் சரியான தகவலும் எழுதி வரும் ஒரு கடிதம் எங்களுக்கு மேலானது. அதை அனுப்புங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து செய்யும் அந்த ஒரு மாதக் கணக்கு வரும் நாளில், அதைச் சுருக்காமல் தமிழில் வெளியிட வேண்டும் என்று என் ஆசிரியரிடம் நானே கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் நாளிதழின் உலகச் செய்தி மேசையிலிருந்து